இலக்கு வைப்பது முதல் முடிப்பது வரை: மோசமான நாளையும் தாங்கும் திட்டம் போடும் முறை

இலக்குகள் பெரும்பாலும் நல்ல நாளில் பிறக்கின்றன. நன்றாகத் தூங்கி எழுந்த விடுமுறைக் காலையில், கையில் புது நோட்டோடு உட்கார்ந்து, தினமும் இரண்டு மணி நேரம் என்று எழுதிவிடுகிறோம். மூன்றாவது வாரத்தில் தலைவலியோடு வீடு திரும்பும் புதன்கிழமை அந்தத் திட்டத்தில் எங்கும் இல்லை. அன்று திட்டம் உடைகிறது. உடைந்ததற்குக் காரணம் சோம்பல் என்று நம்மையே திட்டிக்கொள்கிறோம். திட்டமே நல்ல நாட்களுக்கு மட்டும் போடப்பட்டது என்பதைக் கவனிப்பதில்லை.

கீழே உள்ள படிகள் அந்தப் புதன்கிழமையை மனதில் வைத்துப் போடப்பட்டவை. வரிசையை மாற்ற வேண்டாம். குறிப்பாக 1, 4, 5 ஆகிய மூன்றையும் தாண்டி நேராக 6-க்குப் போகிறவர்கள்தான் அதிகம். அவர்களே பிறகு திரும்பி வந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிறது.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு நோட்டு, ஒரு பேனா, மாதம் முழுவதும் தெரியும் ஒரு காலண்டர். இவற்றோடு நேரக் கணக்குக்கு ஏழு நாட்களும், திட்டம் எழுத ஒன்றரை மணி நேரமும் ஒதுக்குங்கள். செயலி எதையும் இப்போது தேட வேண்டாம். எந்தச் செயலி நல்லது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே வேலை செய்கிற திருப்தியைத் தந்துவிடும், வேலை அங்கேயே நிற்கும்.

இன்னொன்று. இலக்கைத் தாளில் எழுதி வைத்த 3 சதவீத மாணவர்கள் பிற்காலத்தில் மற்ற எல்லோரையும்விடப் பணக்காரர் ஆனார்கள் என்று ஓர் ஆய்வுக் கதை பல வருடங்களாகச் சுற்றி வருகிறது. சிலர் அதை யேல் பல்கலைக்கழகம் என்பார்கள், சிலர் ஹார்வர்ட் என்பார்கள். அப்படியோர் ஆய்வு நடந்ததற்கு ஆதாரமே இல்லை. எழுதுவது பயனுள்ளதுதான், ஆனால் எழுதியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

1. ஏழு நாள் நேரக் கணக்கு

ஒரு வாரம் எதையும் மாற்றாமல், நாளை எப்படிக் கழிக்கிறீர்கள் என்பதை மட்டும் குறியுங்கள். அரை மணிக்கு ஒரு வரி போதும். இரவு நினைவிலிருந்து எழுதினால் கணக்கு தப்பும். மதியம் ஒரு முறை, மாலை ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை எழுதுங்கள்.

வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் 56, வேலையும் போக்குவரத்தும் 55, சாப்பாடு, குளியல், வீட்டு வேலை 28 என்று கழித்தால் 29 மணி நேரம் மிஞ்சுவதாகத் தெரியும். அந்த 29-ஐ நம்பித் திட்டம் போடுவதுதான் முதல் தவறு. அதில் பெரும்பகுதி பத்து நிமிடம், பதினைந்து நிமிடமாகச் சிதறிக் கிடக்கும். மீதியில் பாதி, தூக்கம் கண்ணைச் சொக்கும் நேரமாக இருக்கும்.

ஆகவே நோட்டில் இரண்டை மட்டும் வட்டமிடுங்கள். ஒன்று, 25 நிமிடத்துக்குக் குறையாமல் தொடர்ச்சியாகக் கிடைத்த நேரம். இரண்டு, அவற்றில் தலை தெளிவாக இருந்த நேரம். இரண்டு வட்டமும் விழுந்த இடங்களைக் கூட்டினால் பலருக்கும் பத்து மணி நேரம்கூடத் தேறாது. அந்தத் தொகையில் பாதியை மட்டும் இலக்குக்கு எடுங்கள். மறுபாதி காய்ச்சல், விருந்தாளி, திடீர் வேலை ஆகியவற்றுக்கு. நீங்கள் ஒதுக்கி வைக்காவிட்டாலும் அவை அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

2. பட்டியல் போடுங்கள், ஒன்றை எடுங்கள்

மனதில் உள்ள எல்லா ஆசைகளையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். உடம்பு, படிப்பு, பணம், கலை, உறவு, எதுவானாலும். ஒவ்வொன்றுக்கும் எதிரே வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கேட்கும் என்று உத்தேசமாக ஒரு எண் போடுங்கள். கூட்டிப் பாருங்கள். முதல் படியில் கிடைத்த எண்ணைவிட அது மூன்று நான்கு மடங்கு இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

புதிதாகத் தொடங்கும் இலக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான். அகலக்கால் வைப்பவர்கள் நேரம் போதாமல் மட்டும் தோற்பதில்லை. எதை விடுவது என்ற முடிவை ஒவ்வொரு மாலையும் எடுக்க வேண்டியிருப்பதும் அவர்களைக் களைப்படைய வைக்கிறது. ஒரே இலக்கு என்றால் அந்தக் கேள்வியே எழாது.

மீதியைக் கிழித்துப் போட வேண்டாம். ‘இப்போது இல்லை’ என்று தலைப்பிட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வையுங்கள். மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று தெரிந்தால் மனம் அவற்றைப் பிடித்துக்கொண்டு அலையாது.

3. இது யாருடைய ஆசை?

தேர்ந்தெடுத்த இலக்கிடம் ஒரு கேள்வி கேளுங்கள். இதை முடித்தது யாருக்குமே தெரியப் போவதில்லை என்றாலும் செய்வேனா?

இல்லை என்று பதில் வந்தால் உடனே தள்ளிவிட வேண்டும் என்பதில்லை. சம்பள உயர்வுக்காக எழுதும் தேர்வு அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்த வகை இலக்குக்கு வெளியிலிருந்து கெடுவும் கண்காணிப்பும் தேவைப்படும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் வளர்த்தெடுத்த சுயநிர்ணயக் கோட்பாடு சொல்வதும் இதை ஒட்டியதே. தானாக விரும்பிச் செய்வதில் உந்துதல் நீடிக்கும். குற்ற உணர்வாலோ அடுத்தவர் வாய்க்குப் பயந்தோ செய்வது அந்த அழுத்தம் இருக்கும் வரைதான் ஓடும்.

காரணத்தை இரண்டு வரியில் எழுதி வையுங்கள். ‘வாழ்க்கையில் முன்னேற’ என்பது காரணமாகாது. ‘இப்போதைய வேலையில் இரவுப் பணி ஒத்துக்கொள்ளவில்லை, இந்தச் சான்றிதழ் இருந்தால் பகல் பணிக்கு விண்ணப்பிக்கலாம்’ என்பது காரணம்.

4. இரண்டு வாக்கியங்களாக எழுதுங்கள்

முதல் வாக்கியம் முடிவைச் சொல்ல வேண்டும். எது, எவ்வளவு, எந்தத் தேதிக்குள். ‘உடம்பைக் குறைக்கணும்’, ‘நல்லா படிக்கணும்’ என்பவை ஆசைகள். எட்வின் லாக், கேரி லேதம் இருவரும் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு இது: ‘உன்னால் முடிந்ததைச் செய்’ என்று சொல்லப்பட்டவர்களைவிட, குறிப்பான, சற்றே கடினமான இலக்கு கொடுக்கப்பட்டவர்கள் அதிகம் சாதித்தார்கள். காரணம் எளிது. முடிந்ததைச் செய் என்றால், எதைச் செய்தாலும் அதுவே என்னால் முடிந்தது என்று சொல்லிக்கொள்ள இடம் இருக்கிறது.

இரண்டாவது வாக்கியம் செயலைச் சொல்ல வேண்டும். வாரத்தில் எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் எவ்வளவு. ‘தேர்வில் 70 சதவீதம் எடுப்பேன்’ என்பது முடிவு. அது முழுக்க உங்கள் கையில் இல்லை, கேள்வித்தாள் கையிலும் இருக்கிறது. ‘வாரம் ஆறு நாள், 50 நிமிடம் படிப்பேன்’ என்பது செயல். இன்று செய்தேனா இல்லையா என்று இன்றிரவே சொல்லிவிடலாம். முடிவை மட்டும் எழுதியவர்களுக்கு நான்கு மாதம் எந்த நல்ல செய்தியும் வராது. ஊக்கம் வற்றுவதற்கு அதுவே போதும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. இதுவரை தொட்டே பார்க்காத, சிக்கலான ஒரு வேலை என்றால் முதல் நான்கு வாரத்துக்கு எண் இலக்கு வேண்டாம். ‘ஒரு மணி நேரத்தில் 20 கணக்கு’ என்பதற்குப் பதில் ‘இந்த வகைக் கணக்கைத் தீர்க்க மூன்று வழிகளைக் கற்பேன்’ என்று வையுங்கள். வழியே தெரியாதபோது எண்ணைத் துரத்தினால் தவறான வழியில் வேகமாகப் போவதுதான் நடக்கும்.

5. மணிக்கணக்கு போட்டுத் தேதி குறியுங்கள்

தேதியை முதலில் குறித்துவிட்டு வேலையை அதற்குள் அடைப்பது வழக்கம். தலைகீழாகச் செய்யுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு தேர்வு. பாடப்புத்தகம் 300 பக்கம், மணிக்கு 10 பக்கம், ஆக 30 மணி நேரம். மறுபடி புரட்ட 15 மணி நேரம். ஒன்றரை மணி நேர மாதிரித் தேர்வு பத்து, ஆக 15 மணி நேரம். மொத்தம் 60. வாரத்துக்கு 5 மணி நேரம் என்றால் 12 வாரம் என்று கணக்கு சொல்லும்.

இந்த 12 நடக்காது. வேலைக்கு ஆகும் நேரத்தை இப்படிக் குறைத்து மதிப்பிடுவதற்கு, டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-இல் திட்டமிடல் பிழை என்று பெயர் வைத்தார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில் ரோஜர் ப்யூலரும் சகாக்களும் மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். ஆனது 55.5 நாள். வேலை தடையில்லாமல் ஓடும் என்று கற்பனை செய்துதான் நாம் கணக்கிடுகிறோம். இதற்கு முன் எடுத்த வேலைகள் எவ்வளவு இழுத்தன என்பதை அந்த நேரத்தில் யோசிப்பதே இல்லை.

அந்த இரண்டு எண்களின் விகிதம் சுமார் 1.6. உங்களுக்கென்று பழைய பதிவு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லாதபோது 1.6-ஐத் தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். 60 மணி நேரம் 96 ஆகிறது. வாரத்துக்கு 5 மணி நேரம் என்றால் 20 வாரம்.

இப்போது நேர்மையான முடிவு எடுக்க வேண்டும். தேர்வுத் தேதி 20 வாரத்துக்குப் பிறகு என்றால் சரி. 12 வாரத்தில் என்றால் மூன்று வழிதான் உண்டு. பாடத்தைக் குறைக்கலாம், வாரத்துக்கு 8 மணி நேரமாக்க வேறொன்றை விடலாம், அல்லது அடுத்த தேர்வுக்குப் போகலாம். ‘எப்படியாவது பார்த்துக்கலாம்’ என்பது நான்காவது வழி போலத் தோன்றும், ஆனால் அதில் போனவர்கள் எட்டாவது வாரத்தில் இதே மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள், இன்னும் மோசமான நிலையில்.

காலண்டரில் நான்கு வாரத்துக்கு ஒரு மைல்கல் குறியுங்கள். ஐந்து மைல்கல் போதும். நாள்வாரியாக 20 வாரத்துக்கும் அட்டவணை போடாதீர்கள். இரண்டாவது வாரமே அது பொய்யாகிவிடும், பொய்யான அட்டவணையைத் தினமும் பார்க்க யாருக்கும் பிடிக்காது. விவரமான திட்டம் அடுத்த ஏழு நாளுக்கு மட்டும்.

6. வழக்கமான அளவு, குறைந்தபட்ச அளவு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

உங்கள் செயலுக்கு இரண்டு அளவு எழுதுங்கள். வழக்கமான அளவு சாதாரண நாளுக்கு: 50 நிமிடப் படிப்பு. குறைந்தபட்ச அளவு மோசமான நாளுக்கு: புத்தகத்தைத் திறந்து 10 நிமிடம், அல்லது இரண்டே கணக்கு. ஓட்டப் பயிற்சி என்றால் 30 நிமிட ஓட்டமும் 8 நிமிட நடையும். எழுத்து என்றால் 500 சொல்லும் 50 சொல்லும்.

குறைந்தபட்ச அளவுக்கு ஒரு சோதனை உண்டு. லேசான காய்ச்சல், இரவு பத்தரை மணி, மனம் சரியில்லை. அப்போதும் செய்ய முடியுமா? யோசித்துச் சொல்ல வேண்டியிருந்தால் அளவு பெரிது. பாதியாக்குங்கள்.

பத்து நிமிடத்தால் பாடம் முடியாது என்பது உண்மை. அதன் வேலை பாடத்தை முடிப்பதல்ல, அந்த நேரத்தில் அந்த இடத்தில் உட்காரும் பழக்கம் அறுந்துபோகாமல் காப்பது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியின் குழு 96 பேரைப் 12 வாரம் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக நடுமதிப்பாக 66 நாள் எடுத்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 வரை போகும் என்று கணக்கு காட்டியது. ஆகவே 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பதை மறந்துவிடுங்கள். இருபத்திரண்டாம் நாளும் கஷ்டமாக இருந்தால் உங்களிடம் கோளாறு ஒன்றுமில்லை.

இங்கே இரண்டு தவறுகள் வரும். முதலாவது, குறைந்தபட்ச அளவையே தினசரி அளவாக்கிக்கொள்வது. வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் அதில் நின்றால் வழக்கமான அளவு உங்கள் வாழ்க்கைக்குப் பெரிதாக இருக்கிறது என்று பொருள், அதைக் குறையுங்கள். இரண்டாவது, ஆரம்ப சூரத்தனம். முதல் வாரம் உற்சாகத்தில் 50 நிமிடத்தை இரண்டு மணி நேரமாக நீட்டுவார்கள். முதல் மூன்று வாரம் வழக்கமான அளவைத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பு வையுங்கள். இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாமே என்ற ஏக்கத்தோடு எழுந்தால் மறுநாள் உட்காருவது சுலபம்.

7. எப்போது, எங்கே, எதற்குப் பிறகு

‘மாலையில் படிப்பேன்’ என்றால் மாலை ஐந்திலிருந்து பத்து வரை ஒவ்வொரு நிமிடமும் ‘இன்னும் கொஞ்சம் கழித்து’ ஆகிவிடும். நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டுவதைவிட, தினமும் தவறாமல் நடக்கும் இன்னொரு செயலோடு கட்டுங்கள்.

‘இரவுச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவி வைத்ததும், ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, நோட்டில் நேற்று விட்ட வரியிலிருந்து தொடங்குவேன்.’ இதில் எப்போது, எங்கே, முதல் அசைவு என்ன என்ற மூன்றும் இருக்கின்றன. ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்ற இந்த வடிவத்தைப் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்து பரப்பினார். 94 சோதனைகளைத் தொகுத்து அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, வெறும் தீர்மானத்தைவிட இது கணிசமாக உதவுகிறது என்று காட்டியது. உட்காரும் நேரத்தில் முடிவெடுக்க எதுவும் மிச்சமில்லாமல் போவதுதான் இதன் சூட்சுமம்.

நங்கூரமாக எடுக்கும் செயல் தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிய வேண்டும். ‘அலுவலகத்திலிருந்து வந்ததும்’ என்பது பலருக்குச் சரிப்படாது, வருகிற நேரம் தினமும் மாறும், வந்ததும் பசிக்கும்.

8. தடைகளை முன்பே எழுதிவிடுங்கள்

இலக்கு நிறைவேறிய காட்சியைக் கண்ணை மூடிக் கற்பனை செய்யச் சொல்வார்கள். அதை மட்டும் செய்தால் முயற்சி குறைகிறது என்பது காப்ரியேல் ஓட்டிங்கன் செய்த ஆய்வுகளில் தெரிந்தது. மனம் பாதி அனுபவித்துவிடுகிறது. விரும்பிய முடிவை நினைத்த கையோடு, அதற்குக் குறுக்கே நிற்கும் தடையையும் நினைக்க வேண்டும் என்கிறார் அவர்.

முதல் படியின் நேரக் கணக்கைத் திறந்து, எது எது உங்களை இழுத்தது என்று பாருங்கள். மூன்று தடைகளை எழுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் எழுதுங்கள்.

‘படிக்கும்போது போன் கையில் வந்தால், அடுத்த அறையில் சார்ஜில் போட்டுவிட்டு வந்து உட்காருவேன்.’
‘வீடு திரும்ப ஒன்பதரை ஆனால், அன்று குறைந்தபட்ச அளவு மட்டும்.’
‘வீட்டில் விருந்தாளி இருந்தால், காலையில் குளிக்கும் முன் பத்து நிமிடம்.’

மூன்றுக்கு மேல் வேண்டாம், நினைவில் நிற்காது. தடை உங்களுக்கு உள்ளே இருப்பதாகவும் இருக்கலாம்: ‘எனக்கு இது வராது’ என்ற குரல் கேட்டால், முன்பு போட்டு முடித்த கணக்கு ஒன்றை மறுபடி போட்டுவிட்டுத் தொடருவேன்.

9. இடத்தை முந்தின நாளே தயார் செய்யுங்கள்

புத்தகம் மேஜையில், விட்ட பக்கத்தில் திறந்து. ஓடும் காலணி கதவோரம், காலுறை அதற்குள்ளேயே. தொடங்க எடுக்கும் நேரம் 20 வினாடிக்குள் இருக்கட்டும். திசைதிருப்பும் பொருளுக்கு நேர்மாறாகச் செய்யுங்கள். அதை எடுக்க இரண்டு நிமிடமாவது பிடிக்க வேண்டும்.

10. பதிவேடு: நான்கு கட்டம் போதும்

தேதி, செய்த அளவு, நிமிடம், தடுத்தது எது. முழு அளவு என்றால் முழு வட்டம், குறைந்தபட்சம் என்றால் அரை வட்டம், ஒன்றுமில்லை என்றால் ஒரு கோடு. முடித்த உடனே, எழுந்திருக்கும் முன் குறியுங்கள். 138 ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வந்த ஒரு கட்டுரை, முன்னேற்றத்தைக் கண்காணிப்பது இலக்கை எட்ட உதவுகிறது என்றும், அதை எழுதி வைக்கும்போதும் பிறருக்குத் தெரிவிக்கும்போதும் பலன் கூடுகிறது என்றும் காட்டியது.

பிறருக்குத் தெரிவிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘நான் மாரத்தான் ஓடப் போகிறேன்’ என்று ஊருக்கெல்லாம் சொல்வது வேறு, ‘இந்த வாரம் நான்கு நாள் ஓடினேன்’ என்று ஒருவரிடம் சொல்வது வேறு. முதலாவதில் ஓடாமலே பாராட்டு கிடைத்துவிடுகிறது. இரண்டாவதில் ஓடினால்தான் சொல்ல ஏதாவது இருக்கும். உங்களைக் கேலி செய்யாத, அதே சமயம் சாக்குப்போக்கை நம்பாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒரு செய்தி, மூன்று எண்கள்: எத்தனை முழு வட்டம், எத்தனை அரை வட்டம், எத்தனை கோடு. வாழ்க்கைத் துணையைவிடச் சற்றுத் தள்ளியிருக்கும் நண்பர் இதற்கு நல்லது. வீட்டுக்குள் கணக்குக் கேட்பது சீக்கிரம் சண்டையாகிவிடும்.

11. வாரத்துக்கு இருபது நிமிடக் கணக்குப் பார்ப்பு

ஒரே நாள், ஒரே நேரம். மூன்று கேள்விகள்: எத்தனை முழு வட்டம்? எந்தத் தடை இரண்டு முறைக்கு மேல் வந்தது? அடுத்த வாரம் எதை ஒன்றே ஒன்றை மாற்றப் போகிறேன்?

மாற்றும் விதியையும் முன்பே எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் அன்றைய மனநிலை முடிவு செய்யும். தொடர்ந்து இரண்டு வாரம் பாதிக்கும் குறைவாக நடந்தால் வழக்கமான அளவை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் பத்துக்கு ஒன்பது நடந்தால் 10 முதல் 20 சதவீதம் கூட்டுங்கள். இடையில் இருந்தால் கைவைக்க வேண்டாம். இந்த எண்கள் அனுபவக் கணக்குதான், கொஞ்சம் முன்பின் இருக்கலாம். விதி என்று ஒன்று இருப்பதுதான் முக்கியம்.

ஒரே வாரத்தில் நேரம், இடம், அளவு மூன்றையும் மாற்றாதீர்கள். எது பலித்தது என்று தெரியாமல் போகும்.

12. ‘மனசு வரல’ என்றால் என்ன கோளாறு என்று பாருங்கள்

ஊக்கம் குறைவது ஒரே நோய் போலத் தெரியும். உள்ளே வேறு வேறு கோளாறுகள் இருக்கும், ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு ஆகாது. உற்சாகப் பேச்சுக் காணொளி பார்ப்பது இவை எதற்கும் மருந்தல்ல, பார்த்து முடித்த அரை மணி நேரத்துக்குள் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள்.

*தொடங்கவே தெரியவில்லை.* மேஜையில் உட்கார்ந்தும் கை ஓடவில்லை. அடுத்த வேலை தெளிவில்லாமல் இருக்கிறது. ‘அத்தியாயம் 4 படி’ என்பதை ‘பக்கம் 61-இல் உள்ள அட்டவணையை நோட்டில் வரை’ என்று மாற்றுங்கள். தினமும் முடிக்கும்போது நாளைய முதல் வரியை எழுதி வைத்துவிட்டு எழுந்தால் இந்தக் கோளாறு வராது.

*தொடங்கினால் ஓடுகிறது, தொடங்குவதுதான் பெரும்பாடு.* இது சாதாரணம். மனசு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள், பெரும்பாலும் செய்ய ஆரம்பித்த பிறகுதான் மனசு வருகிறது. குறைந்தபட்ச அளவைத் தொடங்குங்கள், பத்தாவது நிமிடத்தில் நிறுத்தவும் உங்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமை உண்மையானதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் என்று உட்கார்ந்து ஒரு மணி நேரம் இழுத்தால் அடுத்த முறை உங்கள் வாக்கை நீங்களே நம்ப மாட்டீர்கள்.

*சலிப்பு.* வேலை எளிதாகிவிட்டது அல்லது ஒரே மாதிரி இருக்கிறது. எளிது என்றால் கடினமாக்குங்கள். இயந்திரத்தனமான வேலை என்றால் பிடித்த ஒன்றை அதோடு கோத்துவிடலாம்: விருப்பமான ஒலிக்கதையை உடற்பயிற்சியின்போது மட்டும் கேட்பது. கேட்டி மில்க்மன் குழு 2014-இல் இதை உடற்பயிற்சிக் கூடத்தில் சோதித்தது. ஆரம்பத்தில் நன்றாக வேலை செய்தது, விடுமுறை இடைவெளி வந்தபோது பலன் தேய்ந்தது. படிப்பு, எழுத்து போலத் தலை கேட்கும் வேலைகளில் இது கவனத்தைத்தான் பிய்க்கும்.

*நடுவழித் தொய்வு.* தொடக்கத்தின் உற்சாகம் தீர்ந்திருக்கும், முடிவு கண்ணுக்கு எட்டியிருக்காது. 20 வாரத் திட்டத்தில் எட்டிலிருந்து பதின்மூன்று வரை இதை எதிர்பார்க்கலாம். எண்ணும் முறையை மாற்றுங்கள். பாதி தாண்டும் வரை ‘எவ்வளவு முடித்தேன்’ என்று எண்ணுங்கள், பாதி தாண்டியதும் ‘எவ்வளவு மிச்சம்’ என்று எண்ணுங்கள். இரண்டிலும் சிறிய எண்ணே கண்ணில் படும். 40 பக்கத்தில் இன்னும் 10 பக்கம் சேர்ந்தால் பெரிய மாற்றம். மிச்சமுள்ள 260, 250 ஆனால் ஒன்றும் தெரியாது. மைல்கல்லையும் நான்கு வாரத்திலிருந்து இரண்டாகச் சுருக்குங்கள்.

*பயம்.* பாடம் எல்லாம் நடக்கிறது, மாதிரித் தேர்வு மட்டும் தள்ளிப்போகிறது. மதிப்பெண் என்ன சொல்லுமோ என்ற அச்சம். முதல் தேர்வைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதுங்கள், மதிப்பெண் போடாதீர்கள், தவறான கேள்வி எண்களை மட்டும் குறியுங்கள்.

*எதிலுமே மனம் ஒட்டவில்லை.* இலக்கில் மட்டுமல்ல, முன்பு பிடித்தவற்றிலும் ஆர்வம் போய், தூக்கமும் பசியும் மாறி, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் இது திட்டமிடல் விஷயம் இல்லை. மருத்துவரைப் பாருங்கள். இலக்கு காத்திருக்கும்.

13. விட்டுப்போனால் திரும்பும் முறை

ஒரு நாள் தவறுவது தோல்வியல்ல. மேலே சொன்ன லாலியின் ஆய்விலேயே ஒரு நாள் விட்டது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. கெடுப்பது அதற்குப் பிறகு வரும் ‘போனது போச்சு’ மனநிலை. உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் வரம்பை ஒருமுறை மீறியதும் அன்று முழுக்கக் கட்டுப்பாட்டையே கைவிடுவதை ஜேனட் பொலிவியும் பீட்டர் ஹெர்மனும் ஆராய்ந்திருக்கிறார்கள். படிப்பிலும் சேமிப்பிலும் இதே கதைதான்.

ஒரு நாள் விட்டால்: மறுநாள் வழக்கமான அளவு. விட்டதைச் சேர்த்து இரட்டிப்பாகச் செய்யாதீர்கள். 50 நிமிடத்துக்கே உட்கார முடியாதவர் மறுநாள் 100 நிமிடத்தைப் பார்த்து இன்னும் பயப்படுவார், இரண்டாவது நாளும் போகும்.

மூன்று முதல் ஆறு நாள் விட்டால்: முதல் இரண்டு நாள் குறைந்தபட்ச அளவு, பிறகு வழக்கமானது. என்ன தடுத்தது என்று ஒரு வரி.

இரண்டு வாரம் அல்லது அதற்கு மேல்: பழைய தேதியை அடித்துவிட்டு ஐந்தாம் படிக்குத் திரும்பி மிச்ச மணிக்கணக்கை மறுபடி போடுங்கள். பழைய தேதி சுவரில் இருக்கும் வரை ஒவ்வொரு நாளும் தாமதமாகவே தொடங்கும். முதல் வாரம் முழுக்கக் குறைந்தபட்ச அளவு.

ஏழு முதல் பதின்மூன்று நாள் விட்டவர்கள் உடம்பு நிலையைப் பார்த்து இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம்.

வாரத்தின் முதல் நாள், மாதத்தின் முதல் நாள் போன்றவை மறுதொடக்கத்துக்கு உதவுகின்றன என்று 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. பயன்படுத்திக்கொள்ளுங்கள், ஆனால் வியாழக்கிழமை விட்டதைத் திங்கட்கிழமைக்குத் தள்ள அதைச் சாக்காக்க வேண்டாம். இன்றிரவு பத்து நிமிடம், திங்கட்கிழமை முழு அளவு.

14. தொடர்வதா, மாற்றுவதா, நிறுத்துவதா

நிறுத்துவதற்கான நிபந்தனையைத் தொடங்கும்போதே எழுதி வையுங்கள். எடுத்துக்காட்டாக, ‘எட்டு வாரம் பத்துக்கு எட்டு நாள் செய்தும் மாதிரித் தேர்வு மதிப்பெண் அசையவில்லை என்றால் முறையை மாற்றுவேன். இன்னும் எட்டு வாரம் போயும் அசையவில்லை என்றால் நிறுத்துவேன்.’ முன்பே எழுதாவிட்டால் இரண்டு பக்கமும் தவறு நடக்கும். இவ்வளவு செலவழித்துவிட்டோமே என்று ஆகாத இலக்கைக் கட்டி இழுப்பார்கள், அல்லது ஒரு மோசமான மாலையில் நல்ல இலக்கை வீசிவிடுவார்கள்.

மோசமான நாளில் இந்த முடிவை எடுக்கவே கூடாது. அடுத்த வாரக் கணக்கு நாள் வரை தள்ளுங்கள், பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். செய்யாமலே இருந்துவிட்டு ‘இது எனக்குச் சரிப்படவில்லை’ என்று சொல்வதற்குப் பதிவேடு இடம் கொடுக்காது. வட்டங்களே இல்லை என்றால் சோதித்துப் பார்க்கப்பட்டது இலக்கு அல்ல, அளவும் நேரமும்தான். 6, 7-ஆம் படிகளுக்குத் திரும்புங்கள்.

15. முடிந்த மறுநாள்

தேர்வு முடிந்த மறுநாளே அடுத்த இலக்கைத் தொடங்க வேண்டாம், ஒரு வாரம் விடுங்கள். ஓட்டம், சேமிப்பு போலத் தொடர வேண்டியவற்றில் மட்டும் அந்த வாரமும் குறைந்தபட்ச அளவை விடாதீர்கள். முடிவு கிடைத்ததும் செயலையும் விட்டுவிட்டால் சில மாதங்களில் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்க நேரும்.

அந்த வாரத்துக்குள் பதிவேட்டிலிருந்து மூன்று எண்களை எடுத்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். முதலில் போட்ட மணிக்கணக்கு, உண்மையில் ஆன மணிக்கணக்கு, வாரத்துக்குச் சராசரியாக நடந்த நாட்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது உங்கள் சொந்தப் பெருக்கு எண். அடுத்த முறை ஐந்தாம் படியில் 1.6-க்குப் பதில் அதைப் போடுங்கள்.